வாடிக்கையாளர் சொன்னபடி

கதவு மூடும் சத்தம் சரியில்லை என்று ஒரு மனுஷன் மூன்று வாரம் என் உயிரை எடுத்தான். 'டொப்'பென்று கேட்க வேண்டுமாம், 'டப்'பென்று கேட்கிறதாம். நானும் எழுந்து போய் அவன் காரின் நான்கு கதவுகளையும் திறந்து திறந்து மூடிப் பார்த்தேன். எனக்கு எல்லாம் ஒன்றுதான். கடைசியில், பின்பக்க இடது கதவில் மட்டும் கொஞ்சம் கம்பீரம் குறைகிற மாதிரி இருக்கிறது என்றேன். மனுஷனுக்கு முகமெல்லாம் பல். "பாத்தீங்களா, உங்களுக்கே கேக்குது!" என்றான்.

விலை உயர்ந்த கார்களைப் பழுது பார்க்கும் நிலையத்தில், கவுண்டரில் உட்கார்ந்து புகார் எழுதும் வேலை எனக்கு. பதினோரு வருஷமாகிறது. சீட்டின் தோலில் சுருக்கம் விழுந்துவிட்டது என்று ஓர் அம்மாள் அழாத குறையாக வந்தார். தினமும் மேலே ஆள் உட்கார்ந்தால் எந்தத் தோல்தான் சுருங்காது? டாஷ்போர்டுக்குள் எலி புகுந்து கத்துகிறது என்று ஒரு டாக்டர் வந்தார். பிரித்துப் பார்த்தால் அவருடைய மூக்குக் கண்ணாடிக் கூடு. ஆனால் எல்லாரும் இப்படி என்று சொல்லிவிட முடியாது. ஊர்ப்பட்ட விலை வாங்கிக்கொண்டு கம்பெனி விற்ற கார்களில் மழைத் தண்ணீர் ஒழுகியதையும் பார்த்திருக்கிறேன், ஆறே மாதத்தில் பெயின்ட் கொப்புளித்ததையும் பார்த்திருக்கிறேன். ஒழுகுகிறவரையும் டொப்-டப் ஆசாமியையும் ஒரே சிரிப்போடு உட்காரவைத்து எழுதிக்கொள்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

நான் எழுதும் படிவத்தில் முதல் கட்டத்துக்குத் தலைப்பு, 'வாடிக்கையாளர் சொன்னபடி'. வந்தவர் என்ன சொன்னாரோ அதை அப்படியே எழுத வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே கார் ஒரே குறைக்காக ஒரு வருஷத்துக்குள் மூன்றாம் முறை வந்துவிட்டால், கம்ப்யூட்டரில் அந்தக் காரின் பக்கம் சிவப்பாகிவிடும். சிவப்பானால் விஷயம் எங்கள் கையைவிட்டுப் போயிற்று. தலைமை அலுவலகத்திலிருந்து என்ஜினியர் வருவார். காரை வெளியே விடாமல் நிறுத்திவைத்து, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்து, எது கெட்டிருக்கிறதோ அதைப் புதிதாக மாற்றாமல் போகமாட்டார். காருக்கு நல்லது, காருக்குள் உட்காருகிறவருக்கும் நல்லது. எங்கள் கிளைக்கு மட்டும் கெட்ட பெயர். மேனேஜர் அறைக்கு வெளியே 'சிவப்பு இல்லாத நாட்கள்' என்று ஒரு பலகை மாட்டியிருக்கும். தினமும் காலையில் அவரே வந்து அதில் எண்ணை மாற்றுவார். சாமி படத்துக்குக்கூட அத்தனை பயபக்தியோடு யாரும் பூ வைக்கமாட்டார்கள்.

பலகையில் எண் ஏற வேண்டுமே! அதற்கு நாங்கள் ஒரு வழி வைத்திருந்தோம். ஒரே குறையை ஒவ்வொரு முறையும் வேறு தலைப்பில் எழுதுவோம். முதல் தடவை 'சத்தம்' என்றால் அடுத்த தடவை 'அதிர்வு', அதற்கடுத்த தடவை 'விளக்கம் கேட்டார்'. கம்ப்யூட்டர் என்ன கண்டது, அதற்கு மூன்றும் மூன்று குறை. உள்ளே வேலை பார்க்கும் மெக்கானிக்கிடம் மட்டும் உண்மையான குறையை வாயால் சொல்லிவிடுவோம். காகிதம் தலைமை அலுவலகத்துக்கு, வாய் மெக்கானிக்குக்கு. இந்த வேலையில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. புதிதாக யார் சேர்ந்தாலும் மேனேஜர் என் பக்கத்தில்தான் உட்காரவைப்பார். "அக்கா எழுதுறதை நல்லாப் பாத்துக்குங்க" என்பார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, ரொம்பவே பெருமையாக இருந்தது.

மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் ஜவ்வு. எந்தக் கேள்வியையும் அறுந்துபோகாமல் இழுத்துக்கொண்டே போவார், பதில் மட்டும் வராது.

என் அண்ணன் டிரைவர். இருபத்தாறு வருஷம் ஸ்டியரிங் பிடித்தவன், ஒரு சைக்கிளில்கூட இடித்ததில்லை. கட்டடம் கட்டி விற்கும் ஒரு முதலாளியிடம் பதினைந்து வருஷமாக இருந்தான். அந்த முதலாளி எங்கள் கிளையில் புதுக் கார் எடுத்த அன்று, சாவியை வாங்க வந்த அண்ணனைப் பார்க்க வேண்டுமே! மாப்பிள்ளை தோற்றான். வீட்டில் சாப்பிட்ட தட்டை நகர்த்தி வைக்கமாட்டான், ஆனால் அந்தக் காரின் சக்கரத்துக்கு இடுக்கில் பல் துலக்கும் பிரஷ் போட்டுத் தேய்ப்பான். "அந்த மகாராணிக்குச் செய்யறதுல கால்வாசி எனக்குச் செஞ்சிருந்தா நான் இப்படி இருப்பேனா?" என்று அண்ணி கேட்பாள். அண்ணன் சிரித்துக்கொண்டே பிரஷ்ஷைக் கழுவுவான்.

இரண்டாம் மாதம் அவன் என் கவுண்டருக்கு வந்து நின்றான்.

"பாப்பா, வண்டி நிக்கும்போது குதிக்குது."

"நிக்கிற வண்டி எப்படிண்ணா குதிக்கும்?"

"அதான் எனக்கும் புரியல. பிரேக்ல கால் வெச்சுக்கிட்டு நிக்கிறேன். திடீர்னு என்ஜின் உறுமுது, ஒரு அடி முன்னால பாயுது. எப்பவும் இல்ல, பத்துப் பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா. பிரேக்கை ஓங்கி மிதிச்சாத்தான் அடங்குது."

'நிற்கும்போது என்ஜின் சத்தம் மாறுகிறது' என்று எழுதினேன். இப்போது அந்த வரியை நினைத்தால் என் கையை நானே உடைக்கலாம் போலிருக்கிறது. அன்றைக்கு அது பழக்கம், அவ்வளவுதான். கனமான தலைப்பை முதல் தடவையே செலவழித்துவிடக்கூடாது, பின்னால் தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் கணக்கு. மெக்கானிக்கிடம் போய், "எங்கண்ணன் வண்டி, குதிக்குதாம், நல்லாப் பாருங்க" என்று சொன்னேன். அவரும் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார், ஒன்றும் காட்டவில்லை. கழுவித் துடைத்துக் கொடுத்துவிட்டார்.

படிவத்தை அண்ணன் பக்கம் திருப்பி, "படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுண்ணா" என்றேன்.

"நீ எழுதினதுல நான் என்னத்தைப் பாக்கறது?" என்று போட்டுவிட்டுப் போனான்.

இரண்டாம் தடவை அவன் வந்தபோது 'அதிர்வு' என்ற தலைப்பை எடுத்தேன். 'நிற்கும்போது இருக்கை அதிர்கிறது' என்று எழுதினேன். மெக்கானிக் இரண்டு நாள் அந்தக் காரை ஓட்டிப் பார்த்தார். பெரிய இடத்துக் கார் அல்லவா, எங்கள் முன்னால் சமர்த்தாக இருந்தது. படிவத்தில் இருக்கை என்று இருந்ததால் இருக்கையின் நான்கு திருகாணிகளையும் இறுக்கி, செய்த வேலை என்று அதையே எழுதி அனுப்பினார்கள். அண்ணன் மறுபடியும் படிக்காமல் கையெழுத்துப் போட்டான்.

மூன்றாம் தடவை அவன் வந்த அன்று பலகையில் இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு. முந்நூறு தொட்டால் கிளைக்குக் கேடயம், எனக்குக் கவுண்டர் தலைமைப் பொறுப்பு என்று ஜவ்வு சொல்லி ஆறு மாதமாயிருந்தது. அண்ணன் உள்ளே நுழையும்போதே முகம் சரியில்லை. எப்போதும் கேட்கிற 'சாப்பிட்டியா பாப்பா?'கூட இல்லை.

"இது விளையாட்டில்ல. நேத்து வாசல்ல நிக்கிறேன், முதலாளியோட பேத்தி வண்டிக்கு முன்னால பந்தை எடுக்கக் குனியுது. அந்தக் குழந்தை நகர்ந்து ரெண்டு நிமிஷம்கூட ஆகல, வண்டி குதிக்குது. எனக்கு ஈரக்குலையே நடுங்கிப் போச்சு. முதலாளிகிட்ட சொன்னா, புது வண்டிடா, உனக்குத்தான் வயசாகுதுங்கறார். நீ நல்லா அழுத்தி எழுது பாப்பா."

ஜவ்வு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். என் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தார். "அண்ணன்தானேம்மா? நம்ம வீட்டு ஆளு. பாத்து எழுதுங்க" என்றார். அதைவிட ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பழியை அவர் தலையில் போட்டுவிட்டு நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

'விளக்கம்' என்ற தலைப்பை எடுத்தேன். அதுதான் இருப்பதிலேயே பத்திரமானது, பழுது என்ற பேச்சே வராது. எழுதினேன்: 'பிரேக், ஆக்சிலரேட்டர் ஆகியவற்றைப் பயன்படுத்தும் முறை ஓட்டுநருக்கு விளக்கப்பட்டது.'

அண்ணன் அதிலும் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காரை எடுத்துப் போனான். அன்று மெக்கானிக் விடுமுறை. நாளைக்கு வந்ததும் சொல்லிவிடலாம், காரை மறுபடி வரவழைத்து என்ஜினையே இறக்கச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் மழை. ஒழுகுகிற கார்கள் நான்கு வரிசையில் நின்றன, நான்கு உரிமையாளர்களும் ஒரே குரலில் கத்தினார்கள். நான் மறந்துவிட்டேன். இதற்கு மேல் அழகாகச் சொல்ல இதில் ஒன்றுமில்லை. மறந்துவிட்டேன்.

அதற்கு அடுத்த நாள் முந்நூறு. கேக் வெட்டினோம். கவுண்டர் தலைமைக்கு உரிய கை வைத்த நாற்காலி எனக்கு வந்தது.

அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்த பதினேழாம் நாள் காலை, முதலாளி வீட்டு வாசலில் கார் நின்றுகொண்டிருந்தது, அண்ணன் ஸ்டியரிங்கில் இருந்தான். வாட்ச்மேன் கேட்டைத் திறப்பதற்காகக் காருக்கு முன்னால் நடந்தார். அவரும் அண்ணனும் ஒரே பிளாஸ்கில் டீ குடிக்கிறவர்கள், அன்றைக்கும் குடித்திருந்தார்கள். என்ஜின் உறுமியது. கேட்டுத் தூணுக்கும் காருக்கும் நடுவில் வாட்ச்மேனின் முழங்கால் நொறுங்கியது. உயிர் தப்பியது. கால் இனி மடங்காது என்றார்கள்.

முதலாளி படியில் நின்று பார்த்தாராம். "பிரேக்குக்குப் பதிலா மாத்தி மிதிச்சுட்டான்" என்று போலீஸில் சொன்னார்.

அன்று மத்தியானம் அண்ணன் என்னைத் தேடி வந்தான். சட்டையில் அந்த மனிதரின் ரத்தம் காய்ந்திருந்தது. அண்ணியும் கூட வந்திருந்தாள். அழுதிருப்பார்கள் என்று நினைத்தேன், ஆனால் அண்ணன் என்னைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டான், கரை ஏறியவன் மாதிரி.

"லைசென்ஸைப் பிடுங்கி வெச்சுட்டாங்க பாப்பா. கேஸு போடுவாங்களாம். நான் பயப்படல. மூணு தடவை உன்கிட்ட வந்து சொல்லியிருக்கேன், நீ எழுதியிருக்க, நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். அந்த மூணு தாளு போதும் எனக்கு."

"நல்லவேளை, நீ இங்க இருந்த" என்று அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில் அவள் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

"பாத்துக்கலாம் அண்ணி" என்றேன்.

நான்காம் நாள் இன்ஷூரன்ஸ் ஆள் விசாரணைக்கு வந்தார். ஜவ்வின் அறையில் எல்லாரும் உட்கார்ந்தோம். முதலாளி, அண்ணன், ஜவ்வு, நான். வந்தவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்று படிவத்தையும் ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தார். என்ஜின் சத்தம். இருக்கை அதிர்வு. மூன்றாவதைப் படிக்கும்போது மட்டும் வேகம் குறைந்தது. "பிரேக், ஆக்சிலரேட்டர் ஆகியவற்றைப் பயன்படுத்தும் முறை ஓட்டுநருக்கு விளக்கப்பட்டது."

"பாத்தீங்களா?" என்றார் முதலாளி.

அண்ணன் என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். வேறு யாருடைய தாளையோ தவறுதலாகப் படிக்கிறார்கள், நீ எடுத்துச் சொல்லேன் என்பது போலப் பார்த்தான்.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். சிவப்பு, பலகை, தலைப்பு மாற்றி எழுதுவது, மெக்கானிக்கிடம் வாயால் சொல்வது, அன்று மறந்தது எல்லாம். மூன்று தடவையும் அவன் சொன்னது குதிக்கிறது என்ற ஒரே சொல்தான் என்றேன்.

அந்த ஆள் பேனாவை மூடினார். "நீங்க இவருக்கு என்ன வேணும்?"

"தங்கச்சி."

"எழுதும்போது தங்கச்சி இல்லையா?"

ஜவ்வு தொண்டையைச் செருமிக்கொண்டு, "பாசம் சார். கூடப் பொறந்தவருக்காகத் தன் மேலயே பழியைப் போட்டுக்கறாங்க. நாங்க தப்பா எடுத்துக்கல" என்றார். மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவருக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது. படிவத்தில் எழுதியிருப்பதைத்தான் பார்த்தேன், வேறெதுவும் யாரும் சொல்லவில்லை என்றார். காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் பதிவை எடுத்தார்கள், ஆக்சிலரேட்டர் அழுந்தியதாக அதில் இருந்தது. மிதியின் அடியில் இருக்கிற சென்சாரே கெட்டுப்போயிருந்தால், கால் படாமலே அழுந்தியதாகத்தான் அது காட்டும். அதைப் பிரித்துப் பார்க்கத்தானய்யா சிவப்பு வேண்டியிருந்தது என்று கத்தினேன். ஜவ்வு எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. அனுப்பினால் நான் சொன்னது உண்மை என்று ஆகிவிடும். நானாக விட்டுவிட்டுப் போகலாம், மானமுள்ளவள் போயிருப்பாள். வீட்டில் என் ஒரு சம்பளம்தான். போகவில்லை.

அண்ணனின் லைசென்ஸை ரத்து செய்தார்கள். கேஸ் இன்னும் நடக்கிறது. இப்போது ஒரு கூரியர் கிடங்கில் பெட்டி பிரிக்கிறான். வாரம் ஒரு தடவை பழங்கள் வாங்கிக்கொண்டு வாட்ச்மேன் வீட்டுக்குப் போகிறான். அவர் வீட்டில் யாரும் இவனோடு பேசுவதில்லை. வைத்துவிட்டு வந்துவிடுகிறான். நான் அவன் வீட்டுக்குப் போனால் அண்ணி அடுப்பிலிருந்து திரும்பாமல், "வந்துட்டாங்க கணக்குப்பிள்ளை. என்ன எழுதப்போறாங்களோ, பாத்துப் பேசுங்க" என்பாள். திட்டட்டும். அவள் திட்டுவது எனக்கு மருந்து மாதிரி. அண்ணன்தான் ஒரு வார்த்தை திட்டவில்லை. கன்னத்தில் இரண்டு அறை வைத்திருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

போன மாதம் ஒரு நாள் வாசல்வரை என்னோடு வந்தான். செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன்.

"பாப்பா, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். அந்த மூணாவது தாளு இருக்குல்ல. அதைத் திரும்பத் திரும்பப் படிச்சேன்." நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு தன் வலது காலைப் பார்த்தான். "ஒருவேளை நான் மாத்தித்தான் மிதிச்சுட்டேனோ?"

"ஐயோ, இல்லண்ணா! அது நான் எழுதினது. நானா எழுதினது."

"அதான். உனக்கு ஏதாவது தோணித்தானே எழுதியிருப்ப."

தலையில் அடித்துக்கொண்டேன். எத்தனை சொல்லியும் அவன் காதில் ஏறவில்லை. இருபத்தாறு வருஷத்து ஓட்டுநர் தன் காலை நம்பவில்லை, நான் இட்டுக்கட்டிய ஒரு வரியை நம்புகிறான்.

நேற்றுக் காலை அந்தக் கார் வந்தது. தூணில் இடித்து நசுங்கிய முன்பக்கத்தை மாற்றிப் பளபளவென்று செய்திருந்தார்கள். ஓட்டி வந்தவர் புது டிரைவர், முப்பது வயதிருக்கும். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

"அக்கா, சொன்னா சிரிப்பீங்க. பிரேக்ல கால் இருக்கும்போதே வண்டி தானா முன்னால குதிக்குது. முதலாளிகிட்ட சொன்னா, பழைய ஆளு மாதிரி நீயும் ஆரம்பிச்சுட்டியாங்கறார்."

நான் சிரிக்கவில்லை. 'பாதுகாப்பு' என்று ஒரு தலைப்பு இருக்கிறது, பதினோரு வருஷத்தில் நான் தொட்டதே இல்லை. அதை எடுத்து எழுதினேன்: 'பிரேக்கில் கால் இருக்கும்போதே வண்டி தானாக முன்னால் குதிக்கிறது.' அவர் சொன்னபடி, ஒரு சொல் மாற்றாமல். சேமித்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இந்த வண்டியை எடுத்துட்டுப் போகாதீங்க தம்பி. இங்கயே விட்டுட்டுப் போங்க" என்றேன்.

"முதலாளி பத்தரைக்கு வெளிய கிளம்பணுங்க. எழுதிக்கிட்டு மட்டும் வரச் சொன்னார்."

படிவத்தை அவர் பக்கம் திருப்பி, ஒவ்வொரு வரியாகப் படிக்கவைத்தேன். எங்கே நிறுத்தினாலும் கியரை நியூட்ரலில் போடு, காருக்கு முன்னால் ஒரு உயிரையும் விடாதே என்று மூன்று தடவை சொன்னேன். தலையாட்டிவிட்டுக் கிளம்பிப் போனார். இந்தத் தாளை இன்ஷூரன்ஸ் ஆளிடம் எடுத்துப் போனால் முதலில் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். எழுதினது யாரு என்பார்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். பின்னால் பெட்டிகள் விழும் சத்தம் கேட்டது.

"அண்ணா, அந்த வண்டி புது டிரைவருக்கும் குதிக்குது. நீ மாத்தி மிதிக்கல. கேக்குதா? நீ மாத்தி மிதிக்கல."

மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. பிறகு, "அவர் சொன்னதை அப்படியே எழுதிட்டியா?" என்றான்.

"அப்படியே எழுதிட்டேன்."

"சிவப்பாயிடுச்சா?"

திரையில் அந்தக் காரின் பக்கம் வெள்ளையாகவே இருந்தது. நான் எழுதிய வரிக்கு எதிரே, இந்தக் காரில் இந்தக் குறை முதல் முறை என்று இருந்தது.

"இல்லண்ணா. முதல் தடவைன்னு காட்டுது."

"அப்போ, இன்னும் ரெண்டு தடவை குதிக்கணும்" என்றான் அண்ணன்.

ஆமாம் என்றேன்.